ஜுட்: மங்கோலிய மேய்ச்சல் குடிகளின் பேரிடர்

ஜுட் என்பது மங்கோலியாவில் குளிர்காலத்தில் மேய்ச்சலும் தீனியும் இல்லாமல் கால்நடைகள் மந்தை மந்தையாக மடியும் பேரிடர். புல்லைப் பனி ஆழமாக மூடிவிட்டால் வெள்ளை ஜுட். பனியே விழாமல் கால்நடைகள் தாகத்தில் தவித்தால் கறுப்பு ஜுட். பனி உருகி மறுபடி உறைந்து, குளம்பால் உடைக்க முடியாதபடி இறுகிவிட்டால் இரும்பு ஜுட். கோடையில் மழை பொய்த்து, உடம்பில் கொழுப்பேறாமல் குளிர்காலத்துக்குள் போகும் மந்தைக்கே அடி பலம்.

1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து வந்த மூன்று குளிர்காலங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. 2009–10இல் நாட்டின் மொத்த மந்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. 2023–24இல் இழப்பு 70 லட்சத்தைத் தாண்டியது.

இதை வானிலையின் கொடுமை என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். சோசலிச ஆட்சிக் காலத்தில் நெக்தெல் எனப்பட்ட கூட்டுப்பண்ணைகள் வைக்கோலைச் சேமித்தன, கிணறுகளைப் பராமரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அவை கலைக்கப்பட்டு, கால்நடைகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆலை வேலை இழந்த நகரத்தார் பலரும் மந்தை வளர்க்க வந்தார்கள். கைக்காசுக்குக் காஷ்மியர் ரோமமே வழி என்றானதால் வெள்ளாடுகள் பெருகின. அடியொட்டி மேயும் வெள்ளாட்டால் புல்வெளி நலிந்தது. கடுங்குளிரை அதிகம் தாங்காததும் அதுவே. 1990இல் சுமார் இரண்டரைக் கோடியாக இருந்த மந்தை 2019இல் 7 கோடியைத் தொட்டது. கிணறும் வைக்கோலும் அந்த வேகத்தில் பெருகவில்லை.

குடும்பத்தைச் சாய்ப்பது கடன். மந்தையை ஈடுகாட்டி வாங்கிய வங்கிக் கடனை, வசந்தத்தில் ஆட்டைச் சீவி எடுக்கும் ரோமத்தை விற்று அடைப்பது வழக்கம். ஜுட் கடுமையாகத் தாக்குவதோ அதற்குச் சற்று முன்பு. நலிந்த ஆடுகளைக் கெர் என்னும் கம்பளிக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து காக்கப் பார்ப்பார்கள். சினை ஆடுகள் குட்டி வீசிவிடும். செத்ததை உரித்து எடுத்த தோலுக்குக் கிடைப்பது சொற்பம். கடனும் வட்டியும் மட்டும் அப்படியே நிற்கும். பெட்டை ஆடுகளே மடிந்துவிட்டால் மந்தை மீண்டும் தலையெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும்; சிறு மந்தைக்காரர்களில் பலர் அதற்குள் தொழிலையே விட்டுவிடுகிறார்கள்.

உலக வங்கியின் துணையுடன் 2006இல் கால்நடைக் காப்பீடு தொடங்கியது. தனிக் குடும்பத்தின் இழப்பை அது பார்ப்பதில்லை. வட்டார அளவில் இறப்பு வீதம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் பணம் தரும். கவனமாக மந்தையைக் காத்தவரும் பயனடைவது இதன் நல்ல அம்சம். ஆனால் தன் பள்ளத்தாக்கில் மட்டும் எல்லாவற்றையும் பறிகொடுத்தவருக்கு அது கைகொடுக்காது.

மேய்ச்சல் நிலம் தனியார் உடைமையாகக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு. பொது நிலம் என்றால் அதைக் காக்கும் செலவும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். தீவனக் கிடங்கையும் ஒதுக்கு மேய்ச்சலையும் அரசே ஏற்பது நியாயம்.

மந்தை இழந்தவர்களில் பலர் தலைநகர் உலான்பாத்தரின் விளிம்பில் கெர் அடித்து, நிலக்கரி எரித்துக் குளிர்காய்கிறார்கள். 2017 முதல் 2020 வரை நகர நிர்வாகம் வெளியூர்க்காரர்களின் குடியேற்றப் பதிவை நிறுத்தி வைத்தது. பதிவில்லாமல் அங்கே தங்கியவர்களுக்குப் பள்ளி, மருத்துவம், அரசு உதவி எல்லாமே இழுபறியாயின.