ஹூக்கின் மூட்டும் ஜீப்பின் நடுக்கமும்

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஜீப் ஒன்று 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காலடித் தகடு நடுங்கத் தொடங்கினால், பட்டறையில் விழும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் "கிராஸ் போயிருக்கு, மாத்திடலாம்" என்பதுதான். மாற்றியும் நடுக்கம் நிற்காவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி பேலன்சிங்குக்கு அனுப்புவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வண்டியின் வயது மேல் பழியைப் போட்டு சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலில் பாகம், அடுத்து எடை, பிறகு கைவிரிப்பு என்று போகும் இந்த வரிசையில் கோணம் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் அந்த இரும்புக் குழாயின் வரலாறு, தொடக்கம் முதல் கோணத்தோடு செய்துகொள்ளப்பட்ட சமரசங்களின் வரலாறு. அந்தச் சமரசம் எந்த இடத்தில் குலைந்தது என்று தேடினால்தான் பழைய ஜீப்பின் அதிர்வு தீரும். தேய்ந்த பாகத்தை மாற்றுவது அந்த வேலையின் ஒரு பகுதி மட்டுமே.

நேர்கோட்டில் இல்லாத இரண்டு தண்டுகளைச் சிலுவை வடிவத் துண்டு ஒன்றால் (பட்டறை மொழியில் கிராஸ்) இணைத்து, ஒன்றின் சுழற்சியை மற்றதற்குக் கடத்தும் மூட்டுக்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஜெரோலாமோ கார்டானோவின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1664இல் காஸ்பர் ஷாட் என்ற ஜெர்மன் துறவி 'டெக்னிகா குரியோசா' என்ற நூலில் இந்த மூட்டை விவரித்தார். ஒரு பக்கம் எந்த வேகத்தில் சுழல்கிறதோ அதே வேகத்தில் மறுபக்கமும் சீராகச் சுழலும் என்று அவர் எழுதினார். அது தவறு என்பதைச் சில ஆண்டுகளிலேயே லண்டனில் அறிவியலாளர் ராபர்ட் ஹூக் கண்டுகொண்டார். தண்டுகளுக்கு இடையே கோணம் இருக்கும்போது, முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். ஹூக் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. சூரிய கடிகாரத்தில் நிழல் நகரும் வேகமும் இதே முறையில்தான் கூடிக் குறைகிறது என்பதால், நிழலின் போக்கைப் பின்தொடரும் கருவியாகவே மூட்டைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1676இல் வெளிவந்த அவருடைய 'ஹீலியோஸ்கோப்ஸ்' நூலில் இந்த மூட்டு இடம்பெற்றது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு 200 ஆண்டுகள் முன்பே அதிர்வின் காரணம் எழுத்தில் பதிவாகிவிட்டது. கிராஸ் புதிதாக இருந்தால் சுழற்சியும் சீராகத்தான் இருக்கும் என்று நம்பும் பட்டறை, தெரியாமலேயே ஷாட்டின் கட்சியில் நிற்கிறது.

ஹூக் கண்ட ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை எண்ணில் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். மூட்டின் கோணம் 3 டிகிரி என்றால் வேகம் சுமார் 0.14 சதவீதமே மாறும், யாருக்கும் தெரியாது. 10 டிகிரியில் அது சுமார் 1.5 சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் அதிர்வை உண்டாக்கும் முறுக்கு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது; சுழல் வேகம் இரண்டு மடங்கானாலும் நான்கு மடங்குதான். தீர்வையும் ஹூக்கே சொன்னார்: ஒரு மூட்டு கெடுத்ததை இன்னொரு மூட்டால் சரிசெய்யலாம். இடைத்தண்டின் இரு முனைகளிலும் தலா ஒரு மூட்டு வைத்தால், முதலாவது முந்தும் நேரத்தில் இரண்டாவது பிந்தி, கணக்கு நேராகிவிடும். ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு மூட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அவை ஒரே தளத்தில் அமைய வேண்டும். இடைத்தண்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேராக நிற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் இரண்டாவது மூட்டு முதலாவதன் பிழையை முழுதாக அழிக்காது. யோக்குகள் கால் சுற்று விலகிவிட்டாலோ பிழையைக் கூட்டியே விடும்.

மோட்டார் வண்டி வந்தபோது இந்த அறிவு உடனே கைகொடுத்துவிடவில்லை. தொடக்ககால வண்டிகள் பல, சைக்கிளைப் போலச் சங்கிலியால்தான் பின்சக்கரத்தைச் சுழற்றின. 1898இல் பிரான்சில் லூயி ரெனோ தன் சிறிய வண்டியில் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டை வைத்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர் வாகனத்துக்கேற்ற மூட்டை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியில் உற்பத்தியைத் தொடங்கினார். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி வேறு வழியில் போனது: தண்டை ஒரு குழாய்க்குள் அடைத்து, முன்முனையில் ஒரே ஒரு மூட்டை மட்டும் வைத்தார்கள். ஒற்றை மூட்டின் ஏற்ற இறக்கத்தை அழிக்க அங்கே துணை கிடையாது. ஆகவே கோணத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வதுதான் ஒரே காப்பு. இரண்டு மூட்டுகளோடு திறந்த தண்டும், அச்சைத் தாங்கும் பட்டை வில்களும் சேர்ந்த அமைப்பு காலப்போக்கில் நிலைபெற்றதற்கு அதன் எளிமையும் குறைந்த செலவும் காரணங்கள். ஹூக்கின் நிபந்தனைகளுக்கு அது இயல்பாகவே பொருந்தியதும் ஒரு காரணம். பட்டை வில்லில் அச்சு மேலும் கீழும் ஏறி இறங்கும்போது, தண்டு பின் அச்சோடு சேரும் பினியன் முனையின் சாய்வு அதிகம் மாறுவதில்லை. கோணம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு மூட்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே மாறும்.

ஜீப் இந்த அமைப்பை அதன் எல்லைவரை தள்ளியது. 1940இல் அமெரிக்க ராணுவத்துக்காக பான்டம் நிறுவனம் உருவாக்கி, பின்னர் வில்லிஸும் ஃபோர்டும் போர் முடியும்வரை 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த வண்டியின் சக்கர இடைவெளி 80 அங்குலம்தான். அதற்குள் என்ஜின், கியர்பாக்ஸ், முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் உட்கார்ந்த பிறகு பின் ஷாஃப்ட்டுக்குக் கிடைத்த நீளம் சொற்பம். ஷாஃப்ட் குட்டையானால், அதே உயர வேறுபாடு பெரிய கோணமாகிவிடும். நெடுஞ்சாலைக் காரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு தவறு இங்கே பல மடங்காகத் தெரிவது அதனால்தான். போருக்குப் பின் அந்த ஜீப்புகள் சாலைக்கு வந்தபோது இன்னொரு குறையும் தெரிந்தது. நான்கு சக்கர இழுவை தேவையில்லாத நேரத்திலும் முன் ஷாஃப்ட் சும்மா சுழன்றுகொண்டே இருந்தது. 1948இல் ஆர்தர் வார்ன் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய முன் சக்கரங்களை அச்சிலிருந்து விடுவிக்கும் பூட்டுத் திறப்பு ஹப்கள் இதற்கான விடை. முன் ஷாஃப்ட்டைச் சாலையில் ஓய்வாக வைத்தாலே சத்தமும் தேய்மானமும் குறைகின்றன என்பதை அந்தச் சந்தை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இதே வண்டியை 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட வடிவங்கள் இங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. பெட்ரோல் என்ஜின் இருந்த இடத்தில் கனமும் குலுக்கலும் கூடிய டீசல் என்ஜின் வந்தது. குலுக்கல் கூடினால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் சீக்கிரம் அமுங்கும். கியர்பாக்ஸின் பின்பகுதி இரண்டு டிகிரி கீழே சாய்ந்தால் முன் மூட்டின் கோணம் மாறிவிடும். பினியன் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அதோடு சமன்பாடு போயிற்று. அதிகம் ஓடிய வண்டியில் நடப்பவை பெரும்பாலும் இவ்வகைதான்: வில் பட்டைகள் தளர்ந்து, முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும், ஷேக்கிள் புஷ்கள் தேயும், உயரம் கூட்டுவதற்காக லிஃப்ட் கிட் போட்டவர் பினியன் சாய்வைச் சரிசெய்யாமல் விட்டிருப்பார். இவற்றைவிட எளிதாக நேரும் தவறு ஒன்று உண்டு. கிரீஸ் வைக்கவோ கிராஸ் மாற்றவோ ஷாஃப்ட்டைப் பிரித்தவர், நழுவும் ஸ்பிளைனைத் திரும்பப் பூட்டும்போது அம்புக்குறியைப் பார்க்காமல் சில பற்கள் தள்ளிப் பூட்டிவிடுவார். கிராஸ் புதிது, எடையும் சரி, ஆனாலும் வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கும். ஹூக்கின் மூன்றாவது நிபந்தனை அங்கே உடைந்திருக்கிறது.

ஆகவே நோய் காண்பதும் இதே தர்க்கத்தில் போக வேண்டும். சுமார் 73 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரும், பின் அச்சில் நான்குக்கு ஒன்று விகிதமும் உள்ள வண்டி 80 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 10 முறை சுற்றும். ஷாஃப்ட் 40 முறை. கோணத் தவறால் வரும் துடிப்பு சுற்றுக்கு இரண்டு என்பதால் 80 முறை. சக்கரத்தின் கோளாறு இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் மெதுவான ஆட்டமாகத் தெரியும். மற்ற இரண்டும் தரையிலும் கியர் லீவரிலும் ரீங்காரமாக வரும். நடுக்கம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி என்ஜினை ஐட்லிங்கில் விட்டால் என்ஜினும் கிளட்ச்சும் குற்றவாளிகளா என்பது உடனே தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, விட்டதும் அடங்கினால் வில் முறுக்கத்தையும் பினியன் எழுச்சியையும் சந்தேகிக்கலாம். பிறகு வண்டியைச் சமதளத்தில் சக்கரத்தின் மேலேயே நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளேஞ்ச் மூன்றின் சாய்வையும் கோணமானியால் அளக்க வேண்டும். இரு மூட்டுகளின் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகாவிட்டால், புது மவுண்டிங்கோ, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் ஆப்புத் தகடோ வேலையை முடிக்கும். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி, பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு முன் அச்சில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்பது. ஆனால் கைபிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் உள்ள பழைய ஜீப்புகளில் ஷாஃப்ட் இல்லையென்றால் கைபிரேக்கும் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இதைச் செய்யக்கூடாது.

கிராஸ் மாற்றினால் பல வண்டிகள் சரியாகிவிடுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். வறண்டுபோன கிராஸ், பேரிங் கப்பில் விழுந்த பள்ளம், தளர்ந்த ஸ்பிளைன், குழாயில் ஒரு நசுங்கல், உதிர்ந்துபோன பேலன்ஸ் எடை, ஒட்டிக்காய்ந்த சேறு எல்லாமே அதிர்வு தரும். பாதுகாப்பு கருதி கையால் ஷாஃப்ட்டை அசைத்து ஆட்டம் பார்ப்பதுதான் முதல் வேலை என்பதிலும் சந்தேகமில்லை. கேள்வி அதற்கடுத்தது: அந்தக் கிராஸ் ஏன் போனது? கிரீஸ் இல்லாமல் போயிருந்தால் அதோடு விஷயம் முடிந்தது. கோணம் மிகுந்து போயிருந்தால், புதுக் கிராஸும் அதே வழியில் போகும். கோணமே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். மூட்டு சிறிதாவது மடங்கினால்தான் ஊசி பேரிங்குகள் உருளும், இல்லையென்றால் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் போடும். பேலன்சிங் இயந்திரம் ஷாஃப்ட்டைத் தனியாகச் சுழற்றி அதன் எடையைச் சோதிக்கிறது. அது வண்டியில் எந்தச் சாய்வில் தொங்கியது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எந்தக் கோணமானியையும் கண்டதில்லை. ஆனாலும் வருடக்கணக்கில் ஓடுகின்றன. அவை ஓடும் வேகம்தான் இதற்குப் பதில். கொண்டை ஊசி வளைவுகளில் 30 கிலோமீட்டரில் ஏறும் வண்டியின் ஷாஃப்ட்டில், 90 கிலோமீட்டரில் எழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு முறுக்குதான் எழும். தவறு அங்கேயும் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. கிராஸும் பினியன் பேரிங்கும் சீக்கிரம் தேய்வதில் அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. அதே வண்டி சமவெளி நெடுஞ்சாலைக்கு இறங்கியதும் புதிதாக நோய் வந்ததுபோல் நடுங்குகிறது.

தயாரிப்பாளர்களே விதியை மீறுகிறார்களே என்பது மூன்றாவது மறுப்பு. சில லேண்ட் ரோவர்களின் முன் ஷாஃப்ட்டில் யோக்குகள் வேண்டுமென்றே விலக்கி வைக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை மூட்டு வைத்த ஷாஃப்ட்டில் பினியன், ஷாஃப்ட்டை நோக்கியே நேராக நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஹூக்குக்கு எதிரானவை. உண்மையில் அதே கணக்கின் வேறு விடைகள்தான்: இரு மூட்டுகளின் கோணங்கள் வேறுபடும்போதோ வேறு தளங்களில் விழும்போதோ யோக்குகளை விலக்கி வைப்பதே பிழையைக் குறைக்கும், இரட்டை மூட்டு தன் பிழையைத் தானே அழித்துக்கொள்வதால் மறுமுனையில் கோணம் ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும். இதை அறியாமல் ஒரு வகை வண்டியின் அமைப்பை இன்னொன்றுக்கு நகல் எடுப்பவர்தான் புதிய அதிர்வை உருவாக்குகிறார்.

தனித்தனியாகத் தொங்கும் சக்கரங்களும் சீர்வேக மூட்டுகளும் கொண்ட கார்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் லாரிகளும் பிக்கப்களும் கடும் பாதைக்கான வண்டிகள் பலவும் இன்றும் முழு அச்சையும் இரண்டு கிராஸ்களையும் விடவில்லை. பாரம் தாங்க அதைவிட மலிவான வழி அமையவில்லை என்பதே காரணம். அந்த வண்டிகள் இருக்கும்வரை பட்டறைக்கு வேண்டியது பெரிய இயந்திரம் எதுவுமில்லை. மவுண்டிங், வில், கிராஸ் எதைத் தொட்டாலும் வேலைக்கு முன்பும் பின்பும் மூன்று சாய்வுகளை அளந்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். அடுத்த முறை நடுக்கம் வரும்போது எது மாறியது என்று அந்த எண்களே சொல்லும். ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டிச் சோதிக்கும் செலவு வண்டிக்காரர் தலையில் விழாது.