தண்டட்டி விற்ற காசு

என் அம்மாச்சி 2016-இல் இறந்தாள். செய்தி கேட்டு ஊருக்குப் போய் இறங்கியபோது பேருந்து நிறுத்தத்துச் சுவரிலேயே ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் ஒட்டியிருந்தது. ‘பாசமிகு தாய், அன்புப் பாட்டி’ என்று பெரிய எழுத்தில் போட்டு, தாத்தாவின் பெயரைச் சொல்லி அவருடைய மனைவி என்று எழுதியிருந்தார்கள். கீழே மாமாக்களின் பெயர்கள், பேரன்களின் பெயர்கள். என் அம்மாவும் சித்தியும் ‘மகள்கள், மருமகன்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் பெயரில்லாமல் அடங்கிவிட்டார்கள்.

படத்தில் அம்மாச்சியின் காதுகளில் தங்கத் தோடு மின்னியது. நான் பிறந்ததிலிருந்து அவள் காதில் எதையும் பார்த்ததில்லை. தண்டட்டி போட்டு வளர்த்த காது. தோளைத் தொடும் அளவுக்குத் தொங்கும், வெறுமையாக. “வெறுங்காதா இருந்தா பார்க்க நல்லாயில்லைன்னு அச்சடிக்கிற இடத்துல வரைஞ்சு குடுத்தாங்க” என்றார் சின்ன மாமா.

அந்தக் காது ஏன் வெறுமையானது என்பதை அன்றைக்கு ஒரே ஒருத்திதான் சொன்னாள். என் அம்மா. அதையும் ஒப்பாரியில்தான் சொன்னாள். காதில் கிடந்ததைக் கழற்றி விற்றது, அதோடு இரண்டு ஆட்டையும் சேர்த்து விற்றது, கிணற்றடிக்கு மேற்கே 40 சென்ட் நிலம் வாங்கியது, அதில் கடலை போட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியது என்று வரிசையாகப் பாடினாள். சுற்றியிருந்த கிழவிகள் ஆமோதித்து அழுதார்கள். ஆண்கள் வெளியே பந்தலடியில் நின்று பாடை கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பாரியை நாம் சோகப் பாட்டாகவே பார்த்துப் பழகிவிட்டோம். எழுதப் படிக்க வழியில்லாத பெண்கள் ஒருத்தியின் உழைப்பையும் பட்ட கடனையும் உடன்பிறந்தவர்கள் மீதான வழக்கையும் நாலு பேர் முன்னால் சொல்லிவைத்த இடம் அது. சாவு வீட்டில் பாடுகிறவளை யாரும் வாயை மூடு என்று சொல்ல முடியாது. ஆனால் பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் திரும்பிவிட வேண்டும். நெய்ப்பந்தம் பிடிப்பவர்கள் பேரன்கள், கொள்ளி வைப்பவர் மகன். பாட்டு அங்கேயே நின்றுபோகிறது. அதன் பிறகு பேசுபவை காகிதங்கள்தான்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மத்தியானம் பெரிய மாமா ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். விடுதலைப் பத்திரத்துக்கான எழுத்து. அம்மாச்சி பேரில் இருந்த அந்த 40 சென்டில் தங்களுக்கு உள்ள பங்கை அம்மாவும் சித்தியும் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தது. “எங்கள் தகப்பனார் எங்கள் தாயார் பெயரில் வாங்கிய” என்று தொடங்கியது நிலத்தைப் பற்றிய விவரம்.

அந்த வரி எவ்வளவு பெரிய வரலாற்றை அழிக்கிறது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-இல் வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அது ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் பங்கு மட்டுமே. இந்துச் சட்ட மசோதா இழுத்தடிக்கப்பட்டதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். துண்டு துண்டாக்கப்பட்ட அந்த மசோதாவின் ஒரு பகுதிதான் 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 14-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் கையில் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது.

பூர்வீகச் சொத்தில் மகனைப் போல் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-இல். அதற்கு முன்பே மணமானவர்களை அது சேர்க்கவில்லை. 1967-இல் கல்யாணமான என் அம்மா விடுபட்டுப்போனாள். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை போனது. ஆனால் தாயின் சொத்துக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை. 1956-லேயே 15-ஆம் பிரிவு, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் கணவனுக்கும் சமமாகப் போகும் என்று சொல்லிவிட்டது. அதே பிரிவு, பிள்ளையும் கணவனும் இல்லாதவள் சுயமாகச் சம்பாதித்ததைக்கூட அவளைப் பெற்றவர்களுக்கு முன்பாகக் கணவன் வீட்டு வாரிசுகளுக்குத் தருகிறது என்பதும் உண்மை. சட்டத்துக்கும் புகுந்த வீட்டுக் கண் உண்டு.

அம்மாச்சி நிலம் வாங்கியது 1968-இல். நகை அவள் பிறந்த வீட்டில் போட்டது. பழைய சாத்திரப்படி பார்த்தாலும் அது சீதனம், அவளுடையது. புதிய சட்டப்படியும் நிலம் அவளுடையது. மிச்சமிருந்தது ஒரு வேலைதான். அவள் வாங்கினாள் என்பதையே இல்லாமல் செய்வது. போஸ்டரில் வரைந்த தோடும் பத்திரத்தில் எழுதிய வரியும் ஒரே வேலையைத்தான் செய்தன.

சித்தி கையெழுத்துப் போடச் சம்மதித்தாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள். மாமன் சீர் வர வேண்டும், பந்தலில் தாய்மாமன் நிற்க வேண்டும். பெண்களும் நிலமும் பற்றி ஆய்வு செய்த பீனா அகர்வால், சகோதரனின் ஆதரவை இழக்க அஞ்சியே தெற்காசியப் பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். சித்தியைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவள் போட்டது ஒரு கணக்கு.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். காகிதத்தை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“அண்ணே, ஆத்தா தண்டட்டிய வித்து வாங்குன இடம்னு இதுல எங்க எழுதியிருக்கு?”

“அதெல்லாம் எதுக்குத்தா இப்ப?”

“அத எழுதிட்டு வாங்க. பங்கப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

பெரிய மாமா எழுதிக்கொண்டு வரவில்லை. நிலம் இன்றுவரை பிரிக்கப்படவில்லை. அந்த வருடத்திலிருந்து அம்மாவுக்குப் பொங்கல் சீரும் வரவில்லை. தை பிறக்கும்போதெல்லாம் அம்மா வாசலைப் பார்ப்பதை நான் பார்க்கிறேன். உரிமைக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தவள் வலியில்லாமல் கொடுத்தாள் என்று எழுதினால் அது பொய்.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது அம்மாச்சியின் வேறொரு படம் இருக்கிறது, ரேஷன் அட்டைக்கு எடுத்தது. வெறுங்காதுதான். அதன் பின்புறம் அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை அம்மா மடித்துச் செருகி வைத்திருக்கிறாள். அன்பான தாயாகவும் பாட்டியாகவும் இருந்தவள்தான் அவள். 40 சென்டுக்குச் சொந்தக்காரியாகவும் இருந்தாள். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். கிழவி உயிரோடு இருக்கும்போதே அவளை அருகில் உட்காரவைத்துத் திறந்து பாருங்கள். எது எப்போது வாங்கியது, எதை விற்று வாங்கியது என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் பேரிலேயே எழுதி வையுங்கள்.