நெட் கனெக்‌ஷனை கட் பண்ணப் போறீங்களா? கடைசி பில்லைக் கவனிங்க!

புது வீடு பார்த்தாச்சு, சாமான் ஏத்த வண்டியும் வந்தாச்சு. அலமாரி மேல மினுக்கிட்டிருக்கிற ரவுட்டர்? 'பணம் கட்டலைன்னா தானா கட் ஆயிடும்'னு பலரும் விட்டுட்டுப் போயிடுறாங்க. ப்ரீபெய்டுக்கு அது ஓரளவு சரி. போஸ்ட்பெய்டில் நீங்க சொல்ற வரைக்கும் மாச வாடகை ஏறிக்கிட்டே இருக்கலாம், 18% ஜி.எஸ்.டி-யோட.

அதனால ஆப்லயோ மெயில்லயோ எழுத்தில் கேளுங்க. போனில் சொன்னா, 'புது ஆஃபர் தர்றோம் சார்'னு பேச்சு வேற பக்கம் போயிடும். டாக்கெட் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க.

பெரும்பாலும் வில்லங்கம் ரவுட்டரில்தான். அது கம்பெனியோடதுன்னா, அடாப்டரோட சேர்த்துக் கொடுத்துட்டு சீரியல் நம்பர் போட்ட ரசீது வாங்குங்க. வர்றவர் 'சிஸ்டத்துல அப்டேட் ஆயிடும்'னு சொன்னாலும் ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. இல்லைன்னா கடைசி பில்லில் ரவுட்டர் விலையும் சேர்ந்து வரலாம்.

ஆட்டோபேயை முன்னாடியே நிறுத்திடுங்க. தப்பான பில்லுக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குறது பெரும்பாடு! பில்லில் டெபாசிட்டைக் கழிச்சிருக்காங்களா, கனெக்‌ஷனை நிறுத்தின தேதி வரைக்கும்தான் கணக்குப் போட்டிருக்காங்களானு பாருங்க. கட்டினதும் 'நோ டியூஸ்' மெயில் கேட்டு வாங்கிடுங்க.

புகாருக்குச் சரியான பதில் இல்லையா? 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பலேட் அத்தாரிட்டிக்கு இலவசமா அப்பீல் பண்ணலாம். 39 நாளில் முடிவு சொல்லணும். ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் பண்ணலாம்.