ராத்திரி கை மரத்துப்போகுதா? மணிக்கட்டு ஊசி போடும் முன் இதைப் படிங்க!

ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப்போய் எழுந்து, உதறிட்டு மறுபடி படுக்கிறீங்களா? திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுபவரோ, ஓவர்லாக் மெஷினில் உட்காருபவரோ என்றால், 'ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த அசதி' என்று விட்டுடாதீங்க. அது கார்பல் டனல் சிண்ட்ரோமாக இருக்கலாம்.

மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகணும். மணிக்கட்டை மடக்கி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் உள்ளே இடம் நெருக்கடியாகி நரம்பு நசுங்கும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் இருந்தாலும் இது வரலாம். கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிச்சுடும். சுண்டுவிரலும் மரத்தால் வேறு காரணத்தைத் தேடணும்.

முதலில், தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை. அதற்கும் சரியாகலைன்னா ஸ்டீராய்டு ஊசி. அல்ட்ராசவுண்ட் கருவியை மணிக்கட்டில் வைத்தால் நரம்பும் ஊசிமுனையும் திரையில் தெரியும். நரம்பைக் குத்தாமல், அதைச் சுற்றி மருந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டே டாக்டர் போடுவார். சில நிமிஷ வேலைதான், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஸ்கேன் இல்லாமல் அனுபவமுள்ள டாக்டர் போடுவதும் தப்பில்லை. ஆனால், கண்ணால் பார்த்துப் போடுவது கூடுதல் பாதுகாப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், முன்கூட்டியே சொல்லிடுங்க. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் உண்டு.

எத்தனை நாள் தாங்கும்? இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 6 வாரத்தில் பட்டையைவிட ஊசிக்கே நல்ல பலன்; 6 மாதத்தில் இரண்டும் ஒன்றுதான். 2013-ல் ஸ்வீடனில், பட்டைக்குச் சரியாகாத 111 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் 80 மில்லிகிராம் ஊசி போட்டவர்களிலேயே 73 சதவிகிதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் ஆனது.

அதாவது, ஊசி வாங்கித் தருவது அவகாசம். வலி போச்சுன்னு மறுநாளே பீஸ் ரேட்டுக்கு ஓடினால் அந்த அவகாசம் வீண். கத்திரியை மாற்றிப் பிடிப்பது, நடுநடுவே கையை நீட்டி ஓய்வு தருவது, கொஞ்ச நாள் வேறு டேபிள் கேட்பது... பீஸ் ரேட்டில் இதெல்லாம் சுலபமில்லைதான். ஆனாலும் சூப்பர்வைசரிடம் வாயைத் திறந்து கேளுங்க.

கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை தட்டையாகுதா? கத்திரி கையிலிருந்து நழுவுதா? அப்படின்னா இன்னொரு ஊசி கேட்காதீங்க. ஆபரேஷன் பற்றி உடனே பேசணும். ரொம்பத் தாமதித்தால், போன சதை முழுசாகத் திரும்பும் என்று உறுதியில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ பிடித்தம் ஆகுதுன்னா, சிகிச்சை அதிலேயே உண்டு. போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், ஓய்வில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். டாக்டர் ஓய்வு எழுதினால் சான்றிதழை மறக்காமல் வாங்கிடுங்க.