சிறு மீன்பிடிப் படகின் கூரையை உயர்த்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், கெத்தாம் தீவு, பங்கோர் போன்ற இடங்களில் 18 முதல் 22 அடி நீளமுள்ள ஃபைபர் படகுகளில் மீன்பிடிக்கச் செல்வோர் பலர். இத்தகைய படகுகள் சிலவற்றில், சுக்கான் பிடிக்கும் இடத்திற்கு மேல் கெட்டியான கூரை ஒன்று உலோகக் கால்களின் மீது பொருத்தப்பட்டிருக்கும். உட்கார்ந்து ஓட்டுவதற்கு ஏற்ற உயரத்தில் கூரை இருந்தால், நின்று ஓட்டுபவரின் தலை இடிக்கும். அலையில் படகு தூக்கிப் போடும்போது காயமும் ஏற்படலாம். தூண்டிலை ஓங்கி வீசவும் இடம் போதாது.

இதற்குத் தீர்வாகக் கூரையை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளப் பலரும் விரும்புகின்றனர். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் படகின் சமநிலை, கால்களின் உறுதி, காற்றின் விசை ஆகிய மூன்றும் இதனால் மாறுகின்றன.

எவ்வளவு உயரம் போதும்?

படகில் செல்பவர்களில் உயரமானவர் காலணியும் தொப்பியும் அணிந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் தலைக்கு மேல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதுமானது. அதற்கு மேல் உயர்த்தினால் வெயிலும் சாரலும் பக்கவாட்டில் உள்ளே வரும். முன்கண்ணாடிக்கும் கூரைக்கும் இடையே புதிதாக உண்டாகும் இடைவெளியையும் மறக்கக்கூடாது.

ஆற்றுக்குள் படகைக் கட்டி வைப்போர் பாலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெரும் ஏற்ற இறக்கம் உள்ள நாள்களில் கடல்நீர் மட்டம் 4 மீட்டர் அளவுக்கு மாறுகிறது. காலையில் வற்றத்தில் பாலத்தைத் தாராளமாகக் கடந்த படகு, மாலையில் ஏற்றத்தில் திரும்பும்போது கூரையோ ஏரியலோ இடித்து நிற்கக்கூடும்.

எடை மேலே ஏறினால் என்ன ஆகும்?

படகு கவிழாமல் நிற்பதில் அதன் ஈர்ப்பு மையத்திற்குப் பெரும் பங்கு உண்டு. எடை மேலே ஏற ஏற அந்த மையமும் மேலே ஏறும். அப்போது படகு சாய்ந்தால் நிமிர்ந்து வரும் வலு குறையும்.

இயந்திரம், எரிபொருள், நான்கு பேர் என எல்லாம் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதன் கூரை 60 கிலோ. அதை 20 சென்டிமீட்டர் உயர்த்தினால், 60-ஐ 20-ஆல் பெருக்கி 1,200-ஆல் வகுக்க வேண்டும். ஈர்ப்பு மையம் 1 சென்டிமீட்டர் மட்டுமே உயர்கிறது.

அதே படகில், தரையில் இருந்த 20 கிலோ சாமான்களை 2 மீட்டர் உயரத்திலுள்ள கூரைக்கு மாற்றினால் மையம் 3 சென்டிமீட்டருக்கும் மேல் உயரும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் கூரை மீது ஏறி நின்றால் 12 சென்டிமீட்டருக்கும் மேல் உயரும்.

இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கூரையை ஒரு சாண் உயர்த்துவதால் வரும் ஆபத்து சிறியது. உயர்த்திய பிறகு அதன் மேல் ஏற்றப்படும் பொருள்களும் ஆள்களுமே பெரிய ஆபத்து. இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தூண்டில் தாங்கிகள், உயிர்காப்பு அங்கிப் பெட்டி, சூரியசக்தித் தகடு, பனிக்கட்டிப் பெட்டி என ஒவ்வொன்றாக மேலே போனால், முதலில் செய்த வேலை சரியாக இருந்தும் படகு தள்ளாடத் தொடங்கும். பழைய கூரையைக் கழற்றிவிட்டுக் கனமான புதிய கூரையைப் போடுவதும் இதே வகைதான்.

காற்றின் பங்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, செங்குத்தாக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 20 கிலோ விசையுடன் தள்ளும். கூரையை உயர்த்திய பிறகு இடைவெளியை மறைக்கப் பக்கவாட்டில் 2 சதுர மீட்டர் பிளாஸ்டிக் திரை கட்டினால், படகின் மேற்பகுதியை 40 கிலோ விசை சாய்க்கும்.

மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று, தென்மேற்குப் பருவத்திலும் பருவம் மாறும் மாதங்களிலும் பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வீசும். மீன்பிடிக்கப் புறப்படும் நேரமும் அதுவே. ஆகவே திரைகளை விரைவாகச் சுருட்டிக் கட்டும் வகையில் அமைக்க வேண்டும்.

எதிர்க்காற்றில் வேகமாக ஓடும்போது தட்டையான கூரையைக் காற்று மேல்நோக்கியும் இழுக்கும். எனவே கால்கள் கூரையைத் தாங்கினால் மட்டும் போதாது, அதைப் பிடித்தும் வைத்திருக்க வேண்டும்.

கால்களை நீட்டும் வழிகள்

1 மீட்டர் நீளமுள்ள காலை 1.2 மீட்டராக்கினால், அதே விசைக்கு அது பக்கவாட்டில் ஆடும் அளவு 20 விழுக்காடு மட்டும் கூடுவதில்லை. 70 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். ஆட்டம் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதே காரணம். நீளம் கூடினால் குறுக்குத் தாங்கிகளும் சேர்க்கப்பட வேண்டும்.

பழைய கால்களை அகற்றிப் புதிய நீளக் கால்களைப் பொருத்துவதே சிறந்த வழி. செலவு கூடினாலும் இடையில் ஒட்டு இருக்காது.

பழைய காலை வெட்டி, உள்ளே ஒரு குழாயைச் செருகி நீட்டுவது இரண்டாவது வழி. உள்குழாய் வெட்டின் இருபுறமும் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளம் உள்ளே செல்வது நல்லது. காலின் அடியிலும் உச்சியிலும் வளைக்கும் விசை அதிகம். ஆகவே ஒட்டு நடுப்பகுதியில் இருக்க வேண்டும். நான்கு கால்களையும் அடியில் வெட்டி நீட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

காலின் பாதத்திற்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவது மூன்றாவது வழி. இது 5 சென்டிமீட்டர் போன்ற சிறிய உயரத்திற்கே ஏற்றது. மரக்கட்டை நீரை உறிஞ்சி இற்றுப்போகும். கெட்டியான பிளாஸ்டிக் கட்டை மேல்.

எந்த உலோகம்?

துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்ற இரு வகைகள் எளிதில் கிடைக்கின்றன. கடல்நீர் படும் இடத்திற்கு 316 வகையே ஏற்றது. மற்றதில் நாளடைவில் பழுப்புக் கறையும் குழியும் விழும். அலுமினியம் எடை குறைவு என்பதால் கூரைக்கு நல்லது. ஆனால் பற்றவைத்த இடத்தை ஒட்டி அது வலுவைப் பெருமளவு இழக்கும். அங்கே கூடுதல் தகடு தேவை. அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டால் உப்புநீரில் அலுமினியம் அரிக்கும். இடையில் நைலான் அல்லது ரப்பர் வளையம் வைக்க வேண்டும்.

வேலை நடக்கும் வரிசை

படகைக் கரையேற்றி மட்டமாக நிறுத்தி, மின்கலத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கால்களுக்குள் செல்லும் மின்கம்பிகளைக் குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். கூரையின் நான்கு மூலைகளிலும் முட்டுக்கட்டை கொடுத்து, அவை சரியாமல் குறுக்காகவும் கட்டிய பிறகே போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கும்போது ஒரு மூலையை மட்டும் உயர்த்தாமல், நான்கையும் சிறிது சிறிதாக உயர்த்துவது அவசியம். இல்லையெனில் ஃபைபர் கூரை முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

பாதங்களைத் தளத்தில் பொருத்தத் திருகாணி போதாது. போல்ட் தளத்தை ஊடுருவி, அடியில் அகலமான தகட்டுடன் இறுக்கப்பட வேண்டும். ஃபைபர் தளத்தின் நடுவில் ஒட்டுப்பலகை இருந்தால், துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு மீண்டும் சரியான அளவில் துளையிட வேண்டும். அப்போது பலகைக்குள் நீர் இறங்காது.

கூரை மேலே போகும்போது வெள்ளை விளக்கும் மேலே போகும். 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகுகளில் அந்த விளக்கு, சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதி. இரவில் அதன் ஒளி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாதபடியும் பார்க்க வேண்டும்.

அனுமதியும் சோதனையும்

உரிமம் பெற்ற மீன்பிடிப் படகை மாற்றியமைப்பதற்கு முன் மீன்வள இலாகாவின் மாவட்ட அலுவலகத்தையும், உல்லாசப் படகாக இருந்தால் கடல்துறை இலாகாவையும் அணுக வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிப்பது நல்லது.

சோதனையை வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் செய்தால்தான் ஒப்பிட முடியும். அமைதியான நீரில், உயிர்காப்பு அங்கி அணிந்த வழக்கமான பயணிகள் அனைவரும் ஒரே பக்கத்தில் மெதுவாக நகர்ந்து நிற்க வேண்டும். அப்போது படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் எஞ்சியிருக்கிறது என்பதை இன்னொருவர் துறையில் இருந்து அளக்க வேண்டும். பிறகு கட்டுக்கயிறுகளைத் தளர்த்திப் படகை ஆட்டிவிட்டு, ஒருமுறை இடவலமாக ஆடி வர எத்தனை வினாடி ஆகிறது என்று சில முறை கணக்கிட வேண்டும்.

விளிம்பு முன்பைவிட நீருக்கு நெருங்கினாலோ, ஆட்டம் முன்பைவிட மெதுவானாலோ சமநிலை குறைந்துள்ளது என்று பொருள். மெதுவாக ஆடும் படகு சொகுசாகத் தோன்றும். உண்மையில் அது நிமிரத் தயங்கும் படகு. அப்படியானால் கூரை மேலுள்ள பொருள்களை முதலில் கீழே இறக்கி மீண்டும் அளக்க வேண்டும். அதன் பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால், கூரையின் எடையைக் குறைக்கும் வரை படகைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது.