1957: ஆலமர மான் திரைக்கு வந்த ஆண்டு

தியானப் பகுதி: யோவான் 10:11–15



இந்தியக் கார்ட்டூன் படங்களின் வரலாற்றில் 1957ஆம் ஆண்டிற்குத் தனியிடம் உண்டு. ‘தி பேனியன் டீர்’, அதாவது ‘ஆலமர மான்’ என்னும் சிறு படம் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. அதற்கு முன்பும் நம் நாட்டில் இத்தகைய முயற்சிகள் இருந்தன. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 1947இல் ‘சினிமா கதம்பம்’ உருவானது. ஆயினும் அவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றுவிட்டன. கற்றுக்கொடுப்பாரும் கற்பாரும் ஓரிடத்தில் கூடி, தொழிலாகவே அக்கலை வேரூன்றியது, மும்பையில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் அமைந்த கார்ட்டூன் பிரிவில்தான்.

அங்கே பயிற்சியளிக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’, ‘பீட்டர் பான்’ ஆகிய படங்களில் பணியாற்றியவர். மிஷனெரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்த பிள்ளை அவர். பெற்றோர் ஊழியம் செய்த நாட்டிற்கு மகன் ஒரு கைத்தொழிலைக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்று உருவான முதற்படத்தின் கதையோ இந்த மண்ணிலேயே விளைந்தது. அது பௌத்தர்களின் ஜாதகக் கதைகளுள் ஒன்று.

அந்நாளைய கார்ட்டூன் பணி எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஒரு நிமிடத்திற்கு 720 படங்கள் வேண்டும். தாளில் பென்சிலால் வரைந்ததை ஒருவர் செல்லுலாய்டு தகட்டில் மையால் படியெடுப்பார். மற்றொருவர் அதன் பின்புறம் வண்ணம் பூசுவார். பின்னணி ஓவியத்தின்மீது அதை வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடிப்பர். ஒரு மான் தலை நிமிர்வதற்குள் பலருடைய கைகள் உழைத்திருக்கும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லைனில் நின்று, ஒரு வண்டியின் ஒரு பகுதியை மட்டும் நாள்தோறும் பொருத்துகிற நம் சேரப்பணஞ்சேரிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இனி அந்தக் கதைக்கு வருவோம். காசி மன்னன் நாள்தோறும் வேட்டையாடினான். ஆலமர மான், கிளை மான் என்னும் இரு தலைவர்களின் மந்தைகள் அவனுடைய தோட்டத்தில் அடைபட்டிருந்தன. அம்புபட்டுப் பல மான்கள் வீணாய்ச் சாவதைக் கண்டு, நாளுக்கு ஒன்றாக, முறைவைத்துப் பலிபீடத்திற்குச் செல்வதென அவை உடன்பட்டன. தலைவர் இருவருக்கும் மன்னன் உயிர்ப்பிச்சை அளித்திருந்தான். ஒருநாள் கிளை மானின் மந்தையிலிருந்த சினைமான் ஒன்றின் முறை வந்தது. குட்டி ஈன்றபின் வருகிறேன் என்று அது தன் தலைவனிடம் கெஞ்சியது. முறை உன்னுடையது, அதை மாற்ற இயலாது என்று கிளை மான் அனுப்பிவிட்டது. பின்பு அது ஆலமர மானிடம் சென்றது. அந்தத் தலைவன் வேறொரு மானை அனுப்பவில்லை. தானே சென்று பீடத்தில் தலையை வைத்தது. வியந்த மன்னன் அதற்கும் சினைமானுக்கும் உயிரளித்தான். அது அவ்வளவில் எழுந்திருக்கவில்லை. மற்ற மான்களுக்காகவும், எல்லா விலங்குகளுக்காகவும், பறவைகளுக்காகவும், மீன்களுக்காகவும் வேண்டி நின்றது.

இதை நம் ஆண்டவருடைய கதையாக மாற்றிச் சொல்லத் தேவையில்லை; அது பௌத்தர்களின் செல்வம், அதற்குரிய மரியாதையோடு கேட்போம். ஆனால் தன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கும் மேய்ப்பரை அறிந்த நாம், இதைக் கேட்டுச் சும்மா இருக்கவும் கூடாது.

கிளை மான் கொடியது அன்று. அது விதியை மீறவில்லை; எல்லாருக்கும் பொதுவான முறையைத்தான் எடுத்துச் சொன்னது. நம்முள் பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். ஷிப்ட் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மேற்பார்வையாளருண்டு. ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரருண்டு. வயிற்றில் பிள்ளையோடு இரவு ஷிப்டுக்கு வரும் சகோதரி, இந்த வாரம் மட்டும் மாற்றித் தரக் கேட்கும்போது, பட்டியலைக் காட்டுவது எளிது. மாற்றினால் அந்த இரவு வேறொருவர்மேல் விழும். அது யார்மேல் விழ வேண்டும் என்பதே கேள்வி. ஆலமர மான் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டது. போதகராகிய எனக்கும் சபை மூப்பர்களுக்கும் இதே கேள்விதான்.

1957இன் கைகள் அந்த ஒரு படத்தோடு ஓய்ந்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1956இல் அப்பிரிவில் சேர்ந்த ராம் மோகன், பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்டார், 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2019இல் மறைந்தார். வந்தவர் கற்றுக்கொடுத்துச் சென்றார். கற்றவர்கள் அறுபது ஆண்டுகள் அதை வளர்த்தார்கள். தன்னைக் கொடுப்பவர் விதைப்பது இவ்வாறே பலன் தருகிறது.

இவ்வாரம் நம்மிடம் முறை மாற்றிக் கேட்டு வருபவர் யார்? அவருக்கு நாம் கிளையா, ஆலமரமா?

ஜெபம்: நல்ல மேய்ப்பரே, எங்கள் கையிலுள்ள பட்டியலில் பெயர்களைப் பார்க்கும்போது, முகங்களையும் காணச் செய்யும். பிறருடைய பாரத்தை எங்கள் தோளில் ஏற்கும் துணிவைத் தாரும். ஆமென்.