பந்தயம் கேளாத ஆட்டம்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச ஆட்ட மரபின் ஒளியில் இலவச நுழைவுப் போக்கர்

சூது பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி ஒழுக்கவியல் சார்ந்தது. சூது தீது என்பதும் அது குடியைக் கெடுக்கும் என்பதும் அற நூல்கள் தொட்டு இன்றைய மேடைப் பேச்சுகள் வரை வழிவழியாக வற்புறுத்தப்பட்டு வந்துள்ளன. அவ்வறிவுரையின் பயனை மறுப்பது நமது நோக்கமன்று. எனினும், ஆட்டத்தில் யார் எதனைப் பந்தயமாக வைத்தனர், அதனை வைக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது, முடிவில் அது யாரிடம் சென்று சேர்ந்தது என்னும் வினாக்களுக்கு ஒழுக்கவியலால் மட்டும் விடை காண இயலாது. அவை உடைமையின் வரலாற்றோடு பிணைந்தவை.

இவ்வினாக்களை இன்று மீண்டும் எழுப்ப வேண்டிய தேவை ஒன்று தோன்றியுள்ளது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தை இணையவழி நடத்தும் நிறுவனங்கள், நுழைவுக் கட்டணம் எதுவுமின்றி எவரும் கலந்துகொள்ளத்தக்க சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. ஆடுபவர் ஒரு சதமும் கட்டுவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு காய்கள் கணக்கில் வழங்கப்படுகின்றன. காய்களை இழந்தவர் விலகுகிறார். இறுதிவரை தாக்குப்பிடிக்கும் சிலருக்குச் சிறு தொகையோ, கட்டணமுள்ள வேறொரு போட்டிக்கான அனுமதியோ பரிசாகக் கிடைக்கிறது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஓர் இளைஞன் எழுவான்கரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ இதில் நுழையலாம். பந்தயம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை என்பதே இதன் கவர்ச்சி. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதனை, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தின் ஆட்ட மரபைப் பின்னணியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மட்டக்களப்பின் பழைய ஆட்டங்களுள் முதன்மையானது கொம்புமுறி. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்வாட்டத்தில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒரு சேரி கோவலன் சார்பு. மற்றையது கண்ணகி சார்பு. வளைந்த வைர மரக்கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி, இரு சேரியாரும் எதிரெதிரே இழுப்பர். எக்கொம்பு முறிகிறதோ அச்சேரி தோற்றதாகும். மழை பொய்த்த காலத்திலும் நோய் பரவிய காலத்திலும் அம்மனின் சினம் தணிக்கவென ஆடப்பட்ட இதனை, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிற் பதிவு செய்துள்ளார். போட்டி கடுமையானது, வென்றோர் தோற்றோரை வசைப்பாடலால் எள்ளுவர். ஆயினும் பந்தயமாக நின்றது எவருடைய தனியுடைமையுமன்று. தோல்வி சேரிக்குரியது, வெற்றியின் பயனாகக் கருதப்பட்ட மழையோ இரு சேரி வயல்களுக்கும் பொதுவானது. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான நிலமானிய உறவை இவ்வாட்டம் மாற்றிவிடவில்லை. ஒருவேளை அதனை ஓரிரவு மறைத்திருக்கவும் கூடும். ஆனால் அதனை ஆடியதால் எவரும் தம் வயலை இழந்து வெளியேறவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

இதற்கு அக்காலச் சொத்துரிமை முறையும் ஒரு காரணம் எனலாம். இப்பிரதேசத்தில் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழிக் குடிமுறையை அடிப்படையாகக் கொண்டது. முன்னோர்வழி வந்த முதுசம் ஒருவனின் பிள்ளைகளுக்கன்றி அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. தானே தேடிய தேட்டம் வேறாகக் கணிக்கப்பட்டது. ஓர் ஆண் தன் கைவசமிருந்த நிலம் முழுவதையும் தன்னுடையது எனக் கருதி நடக்க முடியாதவாறு குடியின் உரிமை குறுக்கே நின்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ இச்சட்டத்தை 1876இல் நூலாகத் தொகுத்தார். அதே ஆண்டில் பிரித்தானிய ஆட்சி பிறப்பித்த விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வழமையின் சட்ட வலுவைத் தளர்த்தியது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1889இல், சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்தது. பொது இடத்திற் பந்தயம் வைத்து ஆடுதல் அதன்படி குற்றமாயிற்று. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நிறுவுதல் தேவையற்றது. உடைமையைத் தனிமனிதனுடையதாக ஆக்கிய அரசே, அவ்வுடைமையை அவன் வீதியோரத்தில் இழப்பதைத் தண்டிக்கவும் முற்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது. அச்சட்டம் குற்றத்தின் சாரமாகக் கண்டது பந்தயப் பொருளையே. இவ்வரைவிலக்கணத்தின் விளைவைப் பின்னர் நோக்குவோம்.

பந்தயத்துக்கும் உடைமைக்கும் உள்ள உறவு இம்மண்ணின் மக்களுக்குச் சட்ட நூல்களின் வழி அறிமுகமானதன்று. இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கும் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் விழா 18 நாட்கள் நடைபெறுகின்றது. பாரதம் படிக்கப்படும், பாண்டவர் வேடந்தாங்கியோர் வனவாசம் செல்வர், இறுதியிற் தீமிதிப்பு நிகழும். வடமோடிக் கூத்துகள் பலவும் பாரதக் கதையையே பொருளாகக் கொண்டன. ஆகவே சூதாடிய தருமனின் கதை எழுத்தறியாதவர்க்கும் தெரிந்தது. தருமன் நாட்டையும் செல்வத்தையும் முதலில் வைக்கிறான், பின்னர்த் தம்பியரை, பின்னர்த் தன்னை, இறுதியிலேயே திரௌபதையை. சபையில் அவள் எழுப்பிய வினா, தன்னையே முன்னர்த் தோற்றவனுக்கு என்னை வைக்கும் உரிமை ஏது என்பது. இது கண்ணீரின் வினா மட்டுமன்று. உடைமை பற்றிய வினா. அங்கிருந்த சான்றோர் எவரும் அதற்கு நேர்விடை கூறவில்லை. தருமனின் ஆட்டத்தில் ஆடுபவன் தன்னையே பந்தயமாக வைக்கும் கட்டம் ஏறக்குறைய முடிவில் வருகிறது என்பதை நினைவிற் கொண்டு, இனி இலவச ஆட்டத்தின் வரலாற்றைக் காண்போம்.

பணம் கட்டி ஆடும் இணையவழிப் போக்கர் 1998இல் தொடங்கியது. அதன் பெருக்கத்துக்கு வித்திட்டது 2003ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடராகும். கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் 86 டொலர் செலுத்தி ஆடிய ஓர் இணையவழித் தகுதிப் போட்டியின் மூலம் அத்தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வாகி, 839 பேரை உள்ளடக்கிய அப்போட்டியில் 25 இலட்சம் டொலரை வென்றார். மூன்று ஆண்டுகளில் அப்போட்டியாளர் தொகை 8,773 ஆக உயர்ந்தது. ஒருவனின் வெற்றியை எல்லோருக்கும் திறந்த வாயிலாகக் காட்டுவது முதலாளித்துவத்தின் பழைய கதை. கூலியாள் கோடீசுவரனான கதையின் புதிய வடிவம் இது.

இலவச நுழைவு இக்கதையின் வாயிற்படியாக அமைந்தது. அப்படியில் ஏறிப் பார்த்தவர் ஒருவரின் அனுபவம் பொதுப் பதிவில் உள்ளது. 2000ஆம் ஆண்டின் உலக வெற்றியாளரும் கணினி அறிவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவருமான கிறிஸ் பெர்குசன், 2006இல் ஒரு சதமும் முதலிடாது இலவசப் போட்டிகளிலிருந்து 10,000 டொலரை ஈட்டிக் காட்டுவதாக அறிவித்து ஆடத் தொடங்கினார். இலக்கை அவர் எட்டினார் என்பதே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் முதல் ஏழு மாதங்கள் அவர் கையில் நிலையாக எதுவும் தங்கவில்லை. அதன்பின் அவர் முன்னேறத் தொடங்கியது பத்து டொலருக்கும் குறைந்த ஒரு தொகையிலிருந்தே. உலக வெற்றியாளருக்கு ஏழு மாதம் பிடித்ததெனின், நாளாந்தக் கூலிக்கிடையே ஆடும் ஒருவனுக்கு எவ்வளவு காலம் வேண்டும்? பெர்குசன் பங்காளியாகவும் பணிப்பாளராகவும் இருந்த புல் டில்ட் போக்கர் நிறுவனம், ஆடுவோருக்குச் செலுத்த வேண்டிய ஏறத்தாழ 39 கோடி டொலருக்கு எதிராக ஏறத்தாழ 6 கோடி டொலரையே வங்கியில் வைத்திருந்ததாக 2011இல் அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. தவறெதனையும் ஏற்றுக்கொள்ளாது 2013இல் அவர் வழக்கை இணக்கத்தில் முடித்தார். திறமையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்பட்ட மேசை எத்தகைய நிதி அடித்தளத்தின்மீது நின்றதாகக் கூறப்பட்டது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

நிறுவனம் இலவசமாக ஆட்டம் நடத்துவது ஏன்? போக்கரில் ஆடுவோர் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். நிறுவனம் மேசைக்குரியதாக ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் அல்லது கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே பணம் கட்டி ஆடுவோர் அனைவரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பின், அவர்கள் உள்ளே கொண்டுவந்ததிலும் குறைவாகவே வெளியே கொண்டுசெல்வர். தோற்றவர் விலகிக்கொண்டேயிருப்பதால், மேசைகள் வெறுமையாகாதிருக்கப் புதியவர் இடையறாது வந்து சேரவேண்டும். இலவசப் போட்டியின் பரிசுத் தொகை அப்புதியவரைத் திரட்டும் செலவாகும். இவ்வாட்டக்காரரின் குழூஉக்குறியில் அனுபவமற்ற புதியவனுக்கு வழங்கும் பெயர் ‘மீன்’. சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலின் இரையை விழுங்கிய மீனின் பேற்றோடு வள்ளுவர் ஒப்பிட்டிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வாவியில் வலை வீசி வாழும் மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. இரைக்காக மீன் பணம் கொடுப்பதில்லை; ஆயினும் இரை எவருடைய செலவுக் கணக்கில் உள்ளது என்பது மீனவனுக்குத் தெரியும்.

கனேடிய ஆய்வாளர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தவறணைகள் குடிப்போரை ஈர்க்க வைத்த இலவச உணவுக்கு ஒப்பிட்டார். அங்கு உண்மையிற் பண்டமாக உற்பத்தியாகி விளம்பரதாரருக்கு விற்கப்படுவது நேயர்களின் கவனமே என்பது அவர் வாதம். இலவசப் போக்கர் இதனை ஒருபடி மேலே கொண்டுசெல்கிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 50 டொலர் பரிசுள்ள போட்டியொன்றில் 2,000 பேர் சராசரியாக ஒரு மணி நேரம் ஆடுகின்றனர் எனக் கொள்வோம். மனிதரின் 2,000 மணி நேரத்துக்கு நிறுவனம் கொடுத்த விலை மணிக்கு இரண்டரைச் சதம். டொலர் 300 ரூபாவெனின் ஏழரை ரூபா. அதுவும் எல்லோருக்கும் பகிரப்படுவதில்லை. பெரும்பாலானோர் பெறுவது வெறுங்கை. அந்நேரத்தில் அவர்கள் மேசைகளை நிரப்புகின்றனர், ஆட்டத்தைப் பழகுகின்றனர், தம் பெயர் விபரங்களையும் பழக்கங்களையும் நிறுவனத்துக்கு அளிக்கின்றனர். தருமனின் ஆட்டத்தில் இறுதியில் நிகழ்ந்தது இங்கு தொடக்கத்திலேயே நிகழ்கின்றது. நாட்டையோ செல்வத்தையோ கேளாத இந்த ஆட்டம், ஆடுபவனையே முதற் பந்தயமாகப் பெற்றுக்கொள்கிறது. செல்வம் பின்னர் வரும்.

இஃது உலகெங்கும் உள்ள நிலையே எனினும், எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தருவதில்லை. 2004இன் ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரும் இப்பிரதேசத்தின் வாழ்வாதாரங்களை அழித்தன. அமைதியோடு வந்தது கடன். 2018இல் அரசு வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அச்சுமை வளர்ந்திருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவை எட்டியது. ஐந்து டொலர்ப் பரிசு நியூயோர்க்கில் ஒரு வேளைச் சிற்றுண்டி. வாழைச்சேனையில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூபா. ஒரே பரிசுத் தொகை, மலிந்த உழைப்புள்ள நாட்டில் கூடுதலான மணி நேரங்களை விலைக்கு வாங்குகின்றது. ஏற்றத்தாழ்வான பரிவர்த்தனை என்று பொருளியலார் கூறுவதன் சிறு வடிவம் இது. ஆகவே இவ்வாட்டத்தில் ஈடுபடும் இளைஞனைச் சோம்பேறி என்று பழிப்பது பொருந்தாது. அவனுடைய கணக்கு பிழையாக இருக்கலாம். ஆனால் வேலையில்லாதவன் தன் நேரத்தை விற்கச் சந்தை தேடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயலன்று.

போக்கர் திறமைக்குரிய ஆட்டம். ஆகவே சூதன்று என்பது எதிர்வாதம். சென்னை உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில், தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. திறமை உண்டு என்பதை நாமும் ஏற்கலாம். ஆனால் அது ஆடுவோருள் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்குமேயன்றி, எல்லோரிடமிருந்தும் நிறுவனம் எடுக்கும் பங்கை மாற்றாது. திறமையாற் பிழைப்போர் சிலர் இருப்பதற்குத் திறமையற்றோர் பலர் வந்துகொண்டிருப்பதே நிபந்தனை.

சட்டங்கள் அண்மையில் மாறியுள்ளன. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. திறமை, வாய்ப்பு என்னும் வேறுபாட்டை அது பொருட்படுத்தவில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்திய நிறுவனங்கள் சில, இலவச ஆட்டங்களை முன்னிறுத்தலாயின. அதே ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டத்தை நிறைவேற்றி, 1889இன் கட்டளைச் சட்டத்தை நீக்கவும் இணையவழிச் சூதாட்டத்தை அதிகாரசபையின் எல்லைக்குட் கொண்டுவரவும் வழிசெய்தது. எனினும் 1889இல் இருந்த கருத்தே இன்றும் சட்டச் சிந்தனையின் அடித்தளம்: கையிலிருந்து பணம் போனால் பந்தயம் உண்டு, போகாவிடின் இல்லை. நேரம், கவனம், பழக்கம், விபரம் ஆகியன பண்டங்களாகிவிட்ட காலத்தில் இவ்வரைவிலக்கணம் போதாது. இலவச நுழைவைச் சூதாட்டத்தின் விளம்பரமாகவேனும் கணித்தல், இலவச ஆட்டத்தில் நுழைந்தோருள் எத்தனை பேர் பின்னர்ப் பணம் கட்டினர், எவ்வளவு இழந்தனர் என்னும் கணக்கை நிறுவனங்கள் வெளியிடுமாறு செய்தல் என்பன குறைந்தபட்சக் கோரிக்கைகளாக அமையலாம்.

ஆட்டத்தை விரும்புதல் குற்றமன்று. மரண வீட்டில் இரவு விழித்திருப்போர் ஆடும் முந்நூற்றுநாலு ஒரு சமூகம் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி. கொம்புமுறி ஓர் ஊர் தன் அச்சத்தை எதிர்கொண்ட வழி. அவ்வாட்டங்களை அதே வடிவில் மீட்பதால் நுண்கடனோ வேலையின்மையோ தீர்ந்துவிடாது. பழைய நிலமானிய உறவுகளைப் போற்றுவதும் நமக்கு உகந்ததன்று. ஆனால் ஆட்டத்தின் பயன் ஆடுவோரிடமே தங்கிய ஒரு காலம் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. இழப்பதற்கு எதுவுமில்லை என்று அழைக்கும் ஆட்டத்தின் முன் நிற்பவன், திரௌபதை சபையிற் கேட்டதனைத் தன் நிலைக்கேற்பக் கேட்டாக வேண்டும்: இங்கு வைக்கப்பட்டது எது, அதனை வைத்தவர் யார்? அவ்வினாவைத் தனியொருவனாக அவன் கேட்பதாற் பயன் சிறிது. தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் மாணவர் அமைப்பும் சேர்ந்து கேட்கும்போதே அது சபையின் விடையை வேண்டும் வினாவாகும்.